சரிசரி ஒப்புக்கொண்ட குற்றம்

என் தம்பிக்கு எங்கள் வீட்டில் சரிசரி என்றே பெயர். யார் எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பான். பஸ்ஸில் இவன் காலை ஒருத்தர் மிதித்தால் இவன்தான் மன்னிப்புக் கேட்பான். நான் நேர் எதிர். குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள்டா என்று நான் அவனைத் திட்டாத நாளில்லை. அதற்கும் சரி என்பான், எருமை!

பிழைக்க வந்த நாட்டில் முதல் நாளிலிருந்தே ஒரே சலவை ஆலையில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் சக்கரம் வைத்த இரும்புக் கூண்டுகளில் வரும். ஈரத்தோடு சூட்டு உருளைக்குள் கொடுத்தால் அந்தப் பக்கம் மொடமொடவென்று வந்து விழும். அந்த அனலில் நின்று நின்று அவன் முன்கையில் ஒரு முடி கிடையாது. கல்யாணம் இங்கேதான் நடந்தது, மகளும் இங்கேதான் பிறந்தாள். நிரந்தரமாகத் தங்க அனுமதி இருந்தது, குடியுரிமை மட்டும் வாங்கவில்லை. "நான் எங்க ஓடிப் போகப்போறேன் அக்கா, மெதுவா வாங்கிக்கலாம்" என்பான்.

வினை ஒரு வேன் டிரைவர் உருவத்தில் வந்தது. துணி இறக்குகிற இடத்தில் அவன் வயசான ஒரு வேலைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டான். தம்பி குறுக்கே விழுந்து விலக்கினான். விலக்கின வேகத்தில் டிரைவர் கூண்டில் மோதி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். போலீஸ் வந்தபோது டிரைவர் கை நீட்டியது என் தம்பியை. யாருக்காகக் குறுக்கே போனானோ அந்தப் பெரியவர், வேலை போய்விடுமென்று வாயே திறக்கவில்லை. பாவம் பார்த்தால் பழி வந்து சேரும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அரசாங்கம் ஒரு வக்கீலைக் கொடுத்தது. நம் பாஷைக்காரர். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை, கடவுளே வந்தது போல இருந்தது. தம்பியை மட்டும் ஓர் அறைக்குள் கூட்டிப்போய், "கேஸ் நடத்தினா இழுத்துக்கிட்டே போகும் தம்பி. தோத்தா ஜெயில். அடிச்சேன்னு ஒப்புக்கிட்டா ஜெயில் இல்ல, சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். நம்மவனுக்குக் கேட்கவா வேண்டும்? சரி சார் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டான். பல் பிடுங்குகிற டாக்டர்கூடச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஊசி போடுகிறார். இந்த மனுஷன், நீ இந்த நாட்டுக் குடிமகனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி அன்றைக்கே என்னிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான், அதனால் எனக்குத் தெரியும்.

சில வருஷம் கழித்துத் தங்கும் அட்டையைப் புதுப்பிக்கப் போனான். கவுண்டரில் இருந்தவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தவன் வீடு திரும்பவில்லை. நாடு கடத்துகிறவர்களை வைக்கிற காவலில் கொண்டு போட்டுவிட்டார்கள்.

நாங்கள் பிடித்த இரண்டாவது வக்கீல் ஒரு பெண். அவரும் நம் பாஷைதான். காவல் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிட்டுப் பிட்டு வைத்தார்.

"குடியுரிமை இல்லாதவங்க இந்தக் குற்றத்த ஒப்புக்கிட்டாலே நாட்ட விட்டு அனுப்பிடுவாங்க. ஒரே வழிதான் இருக்கு, அந்த ஒப்புதல ரத்து பண்ணச் சொல்லி மனு போடணும். 'ஒப்புக்கிட்டா நாடு கடத்துவாங்கன்னு அந்த வக்கீல் சொல்லவே இல்ல, சொல்லியிருந்தா ஒப்புக்கிட்டிருக்க மாட்டேன்.' இத நீங்களே ஜட்ஜ் முன்னாடி சொல்லணும். அந்த ரூம்ல வேற யாரும் இல்ல, நீங்க சொல்றதுதான் சாட்சி."

"அவரு பேரு கெட்டுடாதா மேடம்?"

"உங்க குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். பரவாயில்லையா?"

தலையாட்டினான். தம்பி பெண்டாட்டி தினமும் போனில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். மகளும் சொன்னாள். நான் திட்டியே சொன்னேன்.

விசாரணையன்று பழைய வக்கீல் வந்தார். இளைத்துப் போயிருந்தார். "எல்லார்கிட்டயும் சொல்றது என் வழக்கம். இவர்கிட்ட சொன்னது ஞாபகம் இல்ல" என்றார். அடுத்து தம்பியைக் கூப்பிட்டார்கள்.

"உங்க வக்கீல் இதச் சொன்னாரா?" என்று நீதிபதி கேட்டார்.

"சொல்லலைங்க" என்றான் தம்பி. எனக்கு உயிர் வந்தது.

"நிச்சயமாத் தெரியுமா?"

தம்பி அந்த வக்கீலைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பைத்தியக்காரன் மனசு இளகிவிட்டது.

"இல்ல... சார் சொல்லியிருப்பாருங்க. நான்தான் பதட்டத்துல கவனிக்காம விட்டிருப்பேன்."

"டேய்! உனக்கு ஒரு பொண்ணு இருக்குடா!" என்று நான் எழுந்து கத்தினேன். காவலர் என்னை உட்கார வைத்தார். எங்கள் வக்கீலம்மா திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். சொன்னதை மாற்றினால் பழைய வக்கீலைப் பொய்யர் என்றதாகிவிடும் என்று அவன் வாயை மூடிக்கொண்டான். மனு தள்ளுபடி. தம்பி பெண்டாட்டி, "அண்ணி, இனி என்ன அண்ணி?" என்று என் கையைப் பிடித்தாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வெளியே வராந்தாவில் அந்த வக்கீல் என்னிடம் வந்தார். கும்பிட்டார். "உங்க தம்பிக்குப் பெரிய மனசும்மா" என்றார். சொல்லிவிட்டு, சுவரோரம் பெஞ்சில் வேலை உடுப்போடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், "வாம்மா, உள்ள போய் ஒப்புக்கிட்டு வந்துடலாம்" என்றார்.

நான் அவரைத் தாண்டிப் போய் அந்தப் பெண் முன்னால் நின்றேன். "ஏம்மா, உனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இருக்கா?"

"இல்லக்கா."

"அத இவர் கேட்டாரா?"

"இல்ல."

"அப்ப எந்திரி. எங்க வக்கீலம்மா அதோ நிக்கிறாங்க. அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் எத வேணா ஒப்புக்கோ."

அவள் பாதி எழுந்தாள். அவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார் தப்பா நெனச்சுக்க மாட்டாராக்கா?" என்றாள்.

"நெனச்சுட்டுப் போகட்டும், வாடி!" என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன்.