முகத்துக்கு நேரே குறை

மலேசியாவின் ஈப்போவில் நான் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் சின்னது. டயாலிசிஸ் நோயாளிகள் வேன் பதிவுசெய்ய நாங்கள் ஒரு செயலி செய்தோம். பயன்படுத்தப் போகிறவர்களிடம் காட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் பட்ஜெட் இல்ல லா," என்றார் முதலாளி. பட்ஜெட் இல்லாவிட்டால் என்ன, எனக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. சனிக்கிழமை காலை புந்தோங் போய்விட்டேன்.

அங்கே ஒரு டயாலிசிஸ் நிலைய வாசலில்தான் அந்த அக்காவைப் பிடித்தேன். ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். செயலியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு தங்கச்சி," என்றார். சொன்ன கையோடு வேன்காரருக்குப் போன் போட்டு, "அண்ணே, என்னை ஏத்திக்க வாரீங்கதானே?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கையில் பேனாவும் கழுத்தில் அட்டையுமாக நின்ற நானும் அவருக்கு ஒரு கிராணிதான்.

அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். "அக்கா, இதச் செஞ்ச ஆள்கள ஏசணும். எனக்குக் கொஞ்சம் உதவி பண்ணுங்க," என்றேன். அவ்வளவுதான், அக்கா பிடித்துக்கொண்டார்.

"டயாலிசிஸ் முடிஞ்சா கை நடுங்கும்லா. உறுதி பட்டனும் ரத்து பட்டனும் ஒட்டிக்கிட்டு இருக்கு. தப்பாத் தட்டிட்டா வேன் வராது. ஒரு தடவ இங்க வராட்டி எனக்கு உடம்புல தண்ணி ஏறி மூச்சு முட்டிடும்."

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். "ஒரே ஒரு ஆள் சொன்னதுக்கா?" என்று அக்காவுக்கே போன் போட்டுக் கேட்டார். "குறையே இல்ல சார்!" என்றார் அக்கா. முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்காவின் உயிர் விஷயம், விடுவதாக இல்லை. "நீங்க நேர்ல வந்து பாக்காம இத வெளியிட்டா நான் வேலைய விட்டுர்றேன் சார்," என்றேன்.

வியாழக்கிழமை முதலாளி முணுமுணுத்துக்கொண்டே நிலையத்துக்கு வந்தார். அன்றைக்குப் போன் கிடையாது, செயலியில் வருவதுதான் கணக்கு என்று வேன்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். அக்கா சிகிச்சை முடிந்து வெளியே வந்தார். வீட்டுக்குப் போகும் வேனை உறுதிசெய்யத் தட்டினார். விரல் நடுங்கி ரத்து பட்டன் மேல் விழுந்தது. களைப்பில் அவர் அதைக் கவனிக்கவே இல்லை. முதலாளியைப் பார்த்து, "சுலபமா இருக்கு சார்," என்று சிரித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையைப் பார்த்திருந்த முதலாளி குரலைத் தாழ்த்தினார். "வேன் வராதுன்னு அவங்ககிட்ட சொல்லும்மா."

"நீங்களே சொல்லுங்க சார்," என்றேன்.