மகள் வரைந்த மனிதன்

என் மகள் என்னைப் பார்த்துத்தான் அந்தப் பச்சை ராட்சசனை வரைந்திருக்கிறாள் என்று நான் நம்பினேன். மூன்று நாள், முழு மனதோடு நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அந்த வயதில்தான் இதெல்லாம் வரும்.

மகள் ஓவியம் படித்தவள். கணினி விளையாட்டுகளுக்கு உருவங்கள் வரைகிற ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒரு கற்பனை உலகத்தின் ஐந்து இனங்களை வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று கோணத்தில் வரைய வேண்டும். மூன்றிலும் ஒரே ஆள் என்று தெரிய வேண்டும். கொம்புள்ளவர்கள், செதிலுள்ளவர்கள், நீளக் காதுக்காரர்கள், ராட்சசர்கள், கடைசியில் மனிதர்கள். முதல் நான்கும் அவளுக்கு தோசை சுடுகிற மாதிரி வந்தன. மனிதன்தான் வரவில்லை. துணிக்கடை பொம்மை மாதிரி இருக்கிறான் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்த என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"பா, சட்டைய கழட்டிட்டு அப்படியே நில்லுங்க."

"வயித்த எக்கிக்கவா?"

"வேணாம்லா. எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க."

நிற்பது எனக்குப் புதிதல்ல, சம்பளமே அதற்குத்தான். பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் கணினி சிப் செய்கிற தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இருபத்தாறு வருடமாக. உள்ளே போனால் தலை முதல் கால் வரை வெள்ளை உறை, முகத்துக்கு மூடி, கண் மட்டும் வெளியே. அங்கே எவனுக்குத் தொந்தி, எவனுக்கு வழுக்கை என்று யாருக்கும் தெரியாது. நடையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம். எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வரும். அப்போதும் அது உட்கார இடம் தேடிக்கொண்டிருக்கும்.

முன்பக்கம் முடிந்தது. "காட்டு" என்றேன். "முழுசா முடிச்சிட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் திரையை எட்டிப் பார்த்தேன். தொங்குகிற மீசை. காதுக்கு மேலே மட்டும் நரைமுடி, உச்சியில் வெட்டவெளி. இறங்கிய தோள், சரிந்த வயிறு. எல்லாம் பச்சை. கீழ்த்தாடையிலிருந்து மேல்நோக்கி இரண்டு கோரைப்பல்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் வெளியே வந்ததும் நான் உள்ளே போய், கண்ணாடி முன்னால் கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பார்த்தேன். பொருந்தியது. அன்றைக்குச் சோற்றைப் பாதியில் நிறுத்தினேன்.

"என்னாங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி.

"நான் பாக்க எப்படி இருக்கேன்?"

"மழையில நனைஞ்ச மெத்த மாதிரி இருக்கீங்க. சாப்புடுங்க."

செவ்வாய்க்கிழமை தைப்பூசம். மனைவிக்கு முட்டிவலி, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நான் மட்டும் போனேன். மொட்டை அடிக்கிற இடத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருவது குடும்பத்துக்கு நல்லதல்ல. அந்த முடியும் அந்த மீசையும் இல்லாவிட்டால் ராட்சசன் யாரோ, நான் யாரோ. ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தேன்.

"மீசையும் சேத்தாண்ணே?"

"அதுதான் முக்கியம் தம்பி."

தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகள் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"பா! என்னா பண்ணீங்க?"

"வேண்டுதல்மா." இந்தக் கூத்தில் முருகனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முன்பக்கம் முடியோட வரைஞ்சாச்சு. சைடும் பின்பக்கமும் இன்னும் இருக்கு. வெள்ளிக்கிழம அனுப்பணும். இப்ப மனுசனுக்கு நான் எங்க போவேன்?"

"மனுசனா? நான் அந்தப் பச்ச..."

"எந்தப் பச்ச?"

சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் பாதியில் சிரித்துவிட்டு, மறுபடி அழுதாள். பச்சை ராட்சசன் அவளுடைய பெரிய மாமா, அதாவது என் மனைவியின் அண்ணன். தீபாவளி போட்டோவைப் பார்த்து வரைந்தது; மனிதனோடு உயரத்தை ஒப்பிட அன்றைக்கு அதைத் திறந்து வைத்திருந்தாளாம். எங்கள் இருவருக்கும் மீசை ஒரே மாதிரி தொங்குவது என் தப்பில்லை. அடுத்த பக்கத்தைத் திறந்தாள். அங்கே இருந்தேன். மூக்குக்கு மேலே முகமூடி பதித்த கோடு. கெண்டைக்காலைச் சுற்றிக் காலுறை அழுத்திய தடம். பாரமெல்லாம் வலது காலில்.

"மத்தவங்களுக்குக் கொம்பு இருக்கு, செதில் இருக்கு. மனுசனுக்கு என்னா இருக்குன்னு தெரியாமத்தான் ரெண்டு தடவ மாட்டிக்கிட்டேன்" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "எங்கண்ணன் ராட்சசனா?" அந்தப் பஞ்சாயத்து தனியாக ஒரு வாரம் ஓடியது.

"என் பழைய போட்டோவப் பாத்து வரையேன்மா."

"எல்லா போட்டோலயும் வயித்த எக்கிக்கிட்டு நிக்கிறீங்க. மாமா எக்க மாட்டாரு."

"சரி, ரெண்டு நாள் லீவு போடறேன். காலையிலேர்ந்து நிக்கிறேன்."

"வேணாம். வேலைக்குப் போகலன்னா மூக்கு மேல அந்தக் கோடு போயிடும்."

ஆக, முன்பக்கத்தையே மொட்டையாகத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. புதனும் வியாழனும் பன்னிரண்டு மணி நேரம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்து, முகம் கழுவாமல், தேநீர்கூடக் குடிக்காமல் ஹாலில் நின்றேன். கோடு மறைவதற்குள் முகம், அப்புறம் கால், கடைசியில் முதுகு. ஒரு தடவை நின்றபடியே தூங்கிவிட்டேன். அவள் எழுப்பவில்லை; அதுவே நல்ல கோணம் என்று வரைந்துகொண்டாள். வயிற்றை எக்கலாம் என்று நினைத்தால்கூட அதற்குத் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பினாள். அடுத்த வாரம் பதில் வந்தது. மனிதனை ஏற்றுக்கொண்டார்கள். பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மார்ச் மாதத்திலிருந்து போகிறாள்.