குண்டிக்காய்ப் பங்கு

ஆடி மாசம் எங்கள் ஏரிக்கரை அம்மனுக்குக் கிடா வெட்டினால், கறியை ஆம்பளைகள் பங்கு போடுவார்கள். வயிற்றுக்குள் இருப்பதை நான்தான் பங்கு போடுவேன். நாற்றம் தாங்காமல் என் மாமியார் என் தலையில் தள்ளிவிட்ட வேலை அது. அதை நான் அதிகாரமாக ஆக்கிக்கொண்டேன். நான் சொல்கிறபடிதான் அவரவர் இலையில் விழும்.

தோலைக் கீறியதும் முதலில் வெள்ளை வலை மாதிரி கொழுப்புச் சவ்வு. அதை விலக்கினால் இடது பக்கம் பெரிய இரைப்பை. அதில் ஒட்டிக்கொண்டு மண்ணீரல், கறிக்கடையில் சுவரொட்டி என்பார்கள். வலது பக்கம் விலாவுக்கு அடியில் ஈரல். ஈரலுக்கு அடியில் பச்சையாகப் பித்தப்பை. அதை மட்டும் உடையாமல் கிள்ளி எறிய வேண்டும், ஒரு சொட்டு பட்டாலும் ஈரல் கசந்துவிடும். நடுவில் சுருள் சுருளாகக் குடல். எல்லாவற்றையும் வழித்து எடுத்த பிறகுதான், முதுகெலும்பை ஒட்டி, கொழுப்புக்குள் ஒளிந்துகொண்டு ரெண்டு குண்டிக்காய் தெரியும். இப்போது எல்லோரும் கிட்னி என்கிறார்கள்.

ஈரல் பங்காளிகளில் பெரியவர்களுக்கு. சுவரொட்டி ரத்தம் இல்லாத பெண்களுக்கு. குண்டிக்காய் ஒன்று என் வீட்டுக்காரருக்கு, ஒன்று என் மகனுக்கு. அவர் போன பிறகு ரெண்டும் மகனுக்கே. எனக்குக் குடல். கழுவினவளுக்குக் குடல், அவ்வளவுதான். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த மகனுக்குத்தான் ரெண்டும் கெட்டுப்போனது. உத்திரமேரூரில் உரக்கடை வைத்து நன்றாக இருந்தவன். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டான். முகம் உப்பி, கால் உப்பி, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணவேண்டிய நிலைமை. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில், வேறு ஒன்று வைத்தால் நல்லது என்றார்கள். மருமகளின் ரத்தம் அவனுக்குச் சேரவில்லை. டாக்டர் அடுத்து யார் என்று கேட்டதும், என் மகன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அம்மா கீறாங்க இல்ல," என்றான்.

சந்தையில் ஆடு காட்டுகிறவன் மாதிரி.

கொடுக்கமாட்டேன் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் கேட்டிருக்கலாம். "மா, தரியா?" என்று ஒரு வார்த்தை. அது இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு டாக்டரம்மா பேசினார். சுவரில் மனுஷ வயிற்றின் படம் தொங்கியது. ஆட்டுக்கு இருப்பதெல்லாம் அதிலும் இருந்தது, இரைப்பை மட்டும் சின்னது. குண்டிக்காயைக் காணோமே என்று தேடினேன்.

"முன்னாடி தெரியாதும்மா. குடலுக்கெல்லாம் பின்னாடி, முதுகுப் பக்கம் இருக்கும். குடலைத் தொடாம விலாப்பக்கமா எடுத்துடுவோம். உங்களுக்கு இடதுல எடுக்கிறோம்."

"அவனுக்கு இருக்கிற ரெண்டைப் புடுங்கிட்டுதான வெப்பீங்கோ?"

"இல்லம்மா. அது பாட்டுக்கு சுருங்கிப் போய் அங்கேயே இருக்கும். உங்களுடையதை முன்பக்கம், வலது அடிவயித்துல வெப்போம்."

"அப்போ அவனுக்கு மூணு, எனக்கு ஒண்ணா?"

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு, "யாராவது உங்களை வற்புறுத்தினாங்களா? பயப்படாம சொல்லுங்க," என்றார்.

"என்னை யாரு வற்புறுத்தறது? எங்க வூட்ல பங்கு போடறவளே நான்தான்," என்றேன்.

வாய்தான் அப்படிச் சொன்னது.

ஆபரேஷன் ஆனது. எனக்கு விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு. அவனுக்கு உடம்பு தேறி வந்தது. முகம் வடிந்து பழைய மூக்கு தெரிந்தபோது நான் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும். பெற்றவள்தானே.

அதற்குப் பிறகுதான் அவன் கையைக் கவனித்தேன். என்னைப் பார்த்தால் வலது கை தானாக அடிவயிற்றுக்குப் போகும். சட்டைக்கு மேலே பொத்திக்கொள்வான். முதலில் வலி என்று நினைத்தேன். ஆனால் கடையில் மூட்டை ஏற்றுகிறவர்களிடம் ரெண்டு கையையும் வீசித்தான் பேசினான். நான் படியேறினால் மட்டும் கை அங்கே போகும். திருப்பிக் கேட்க வந்தவளைப் பார்க்கிற பார்வை. கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டான்.

போன வருஷம் என் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அவன் கால் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. என்னிடம் இருப்பது ஒன்று. அது போனால் கொடுக்க இன்னொரு தாய் எனக்கு எங்கே இருக்கிறாள்? வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். ஒரு தடவையும் யாரும் கூட்டிப் போகவில்லை. அவன் மட்டும் மாசாமாசம் காரில் போய்வந்தான்.

வெட்கத்தை விட்டு அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"நீ போற அன்னிக்கு என்னையும் இட்டுக்கினு போடா. காலு வீங்கிக்கினு கீது."

கை அடிவயிற்றுக்குப் போனது. "வயசான காலு வீங்காதாம்மா? உனக்கு இன்னா, கல்லு மாரி கீற. சும்மா பேஜார் பண்ணாத."

உள்ளேயிருந்து மருமகள் வந்தாள். "அவரு பின் சீட்டுல படுத்துக்கினு வருவாரு அத்தே. உங்களுக்கு எடம் பத்தாது."

காரில் இடமில்லை. அவன் வயிற்றில் எனக்கு இருந்தது. அதை அங்கே சொல்லவில்லை. காபி கொண்டுவந்து வைத்தாள், தொடாமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் பஸ் ஏறி நானே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான், போர்டு பார்த்து வரிசையில் நிற்கத் தெரியாதா? வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பண்ணின பெண், திரையை உற்றுப் பார்த்து, "ஒண்ணுதான் இருக்கு, அதுவும் பெருசா இருக்கே," என்றாள். காலைப் போல அதுவும் வீங்கிவிட்டது, என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. ஒண்ணை எடுத்துட்டா இருக்கிறது ரெண்டு வேலையும் பார்க்கணும் இல்ல? அதனால தானா பெருசாயிடும். நல்லா வேலை செய்யுது. பிரஷர்தான் ஏறியிருக்கு, மாத்திரை தரேன். கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலை. நானேதான்."

திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வலது விலாவுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு வந்தேன். யாரும் அதைப் பார்க்கவுமில்லை, தட்டிக் கொடுக்கவுமில்லை. அது பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது.

இந்த ஆடிக்குக் கிடா வெட்டினோம். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். மகனும் காரில் வந்து இறங்கினான். என்னைப் பார்த்ததும் கை போகிற இடத்துக்குப் போனது. நான் பலகை போட்டு உட்கார்ந்து, பித்தப்பையை உடையாமல் எடுத்து, குடலைக் கழுவி, எல்லாம் முறைப்படி செய்தேன். வெந்ததும் நானே பரிமாறினேன். ஈரல் பெரியவர்களுக்குப் போனது. மகன் இலையில் குடலைப் போட்டேன். கடைசியில் நான் சாப்பிட உட்கார்ந்து, ரெண்டு குண்டிக்காயையும் என் இலையில் வைத்துக்கொண்டேன்.

எல்லோரும் என் இலையைப் பார்த்தார்கள். கொழுந்தனார்தான் வாயைத் திறந்தார். "இன்னா அண்ணி, புள்ளைக்கு வெக்கலியா?"

மகனைப் பார்த்தே சொன்னேன். "அவனுக்குத்தான் உள்ள மூணு கீதே."

யாரோ சிரித்தார்கள். அவன் கையை அடிவயிற்றிலிருந்து எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் இலை ஓரத்தில் வைத்தான். நான் நிதானமாக மென்று தின்றேன். கொஞ்சம் கெட்டியாக வெந்திருந்தது. இத்தனை வருஷம் சமைத்தேன், அதன் ருசி அன்றைக்குத்தான் தெரிந்தது.