மாமா ஏறாத வண்டி

எங்கள் புதுக் கார் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லாரி மேல் ஏறிப் போனது. வாங்கிச் சரியாகப் பதினெட்டு நாள்.

தெருவே வந்து பார்த்தது. டெலிவரி எடுத்த அன்றைக்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்லை. எதிர்வீட்டு டீச்சர் மாடியில் நின்றபடி, "என்ன டாக்டர், வண்டியத் திருப்பிக் குடுத்துட்டியளா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது கவலையா, திருப்தியா? பல் டாக்டராக இத்தனை வருடம் இருந்தும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது லாரியில் கார் ஏறிய கதையை அல்ல. எங்கள் மாமா ஏறிய கதையை.

மாமா என்றால் என் கணவர் சேவியரின் அப்பா. பெயர் சூசை, வயது எழுபத்தொன்பது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். அத்தை காலமான பிறகு பாளையங்கோட்டையில் எங்களோடு இருக்கிறார். ஆறடி உயரம். வலது முழங்காலைத் தவிர எல்லாமே அன்றைக்கு இருந்த மாதிரி அப்படியே இருக்கிறது. முக்கியமாகக் குரல்.

எங்கள் பழைய கார் சின்னது. முன் சீட்டில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். இறக்கும்போது மடக்குக் கட்டிலைப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு பாகமாக வெளியே எடுக்க வேண்டும். முழங்கால் டாக்டரிடம் கூட்டிப்போய் வரவே அவ்வளவு பாடு.

இந்த நிலைமையில்தான் ஆழ்வார்திருநகரியில் இருந்து போன் வந்தது. ரெங்கராஜன். மாமாவோடு அதே துறைமுகத்தில் ஆபீஸ் வேலை பார்த்தவர். இருபத்தைந்து வருடம் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போன சிநேகிதம். அவருக்கு எண்பது நிறைகிறது, சதாபிஷேகம். "நீரு வரலன்னா நான் மணையில உக்கார மாட்டேன் வே" என்று சொல்லிவிட்டாராம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சேவியர் சொன்னார்: "பெரிய வண்டியா ஒண்ணு வாங்குவமா? அப்பா காலை நீட்டி உக்காரலாம்லா?"

இப்படித்தான் ஆரம்பித்தது.

ஷோரூமில் எங்களை வரவேற்ற விற்பனையாளர் பெயர் இசக்கிமுத்து. நேராக சேவியரிடம் போய், "சார், டெஸ்ட் டிரைவ் போவமா?" என்றார். சேவியர் கணக்கு வாத்தியார். உண்மையை ஒளிக்கத் தெரியாது. "எனக்கு சைக்கிளே தகராறுப்பா. வண்டி ஓட்டுதது இவதான்" என்றார். இசக்கிமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என்ஜினைப் பற்றி முழுவதும் சேவியரிடம் விளக்கினார். என்னிடம் திரும்பி, சீட் கவர் என்ன கலரில் வேண்டும் என்று கேட்டார்.

எப்போது கிடைக்கும்?

"ரெண்டே வாரம் மேடம்."

நம்பினேன். பழைய காரை விற்றேன். அப்புறம் மூன்று மாதம் ஆட்டோவில் க்ளினிக்குக்குப் போனேன்.

வாரம் தவறாமல் போன் போடுவேன். "பேக்டரில இருந்து கிளம்பிட்டு மேடம்" என்பார். அடுத்த வாரம் கேட்டால் இன்னும் கிளம்பிக்கொண்டே இருக்கும். கோபப்படவும் முடியவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "சும்மா எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று தினமும் நான் சொல்வதும் இதே குரலில்தானே?

கடைசியில் ஒருநாள், "சிப் இல்ல மேடம். வெளிநாட்டுல இருந்து வரணும்" என்றார். வீட்டில் சொன்னேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிப்பு எதுல வருது? கப்பல்லயா?"

"தெரியலயே மாமா."

"எந்தத் துறைமுகத்துல இறக்குதானுவன்னு கேட்டுச் சொல்லு. நான் ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கேன்."

மாமா ரிட்டயர் ஆகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அவர் யாரிடம் சொல்ல நினைத்தாரோ அவர்களும் பென்ஷன்காரர்கள்தான். ஆனாலும் அந்த மூன்று மாதமும் அவர் முகத்தில் ஒரு பொறுப்பு இருந்தது. காலையில் பேப்பர் வந்தால் முதலில் கப்பல் செய்தியைத்தான் பார்ப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை வண்டி வந்தே விட்டது. துணியால் மூடித் திறந்தார்கள். ஆள் உயர அட்டைச் சாவியைக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார் இசக்கிமுத்து. வரும் வழியில் மாதா கோயிலில் நிறுத்தினோம், சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊர் ரோட்டுக்கு எவ்வளவு பாதுகாப்பு இருந்தாலும் கூடுதல் இல்லையே?

வீட்டு வாசலில் மாமா கஞ்சி போட்ட வேட்டியோடு தயாராக நின்றார். முதல் சவாரி அவருக்கு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பானெட்டைத் தட்டிப் பார்த்தார். "இரும்பு பரவாயில்ல" என்று சான்றிதழ் கொடுத்தார். கதவைத் திறந்து காலைத் தூக்கினார்...

கால் அந்த உயரத்துக்குப் போகவில்லை.

மறுபடி தூக்கினார். முழங்கால் மடங்கவில்லை. காலை நீட்டி உட்கார வேண்டும் என்று தேடித் தேடி வாங்கிய வண்டி. முதலில் உள்ளே ஏற வேண்டும் என்பதை மூன்று மாதத்தில் நாங்கள் ஒருவரும் யோசிக்கவே இல்லை!

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். சேவியர் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். நான் உள்ளே ஏறி, கையைப் பிடித்து இழுத்தேன். என் மகள் ஷெரின் குளியலறையில் இருந்து பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து காலுக்கடியில் வைத்தாள். எதிர்வீட்டு டீச்சர் மாடியில் இருந்து, "பைய... பைய... அந்தக் காலை இங்கன வைங்க" என்று வழிகாட்டினார். ஸ்டூல் வழுக்கியது. மாமா விழவில்லை. கதவைப் பிடித்துச் சமாளித்து நின்றுவிட்டார்.

வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "நல்ல வண்டி. நீங்க போயிட்டு வாங்க" என்றார். உள்ளே போய்விட்டார்.

அதோடு சரி. அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டார். ஒருநாள் வயிறு சரியில்லை. ஒருநாள் டி.வி.யில் மேட்ச். ஒருநாள் வெயில். வண்டியும் பாதி நாள் ஷெட்டிலேயே நின்றது. க்ளினிக் பக்கம்தான், அதற்கு எதற்கு இந்த யானை?

ஒரு சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே முற்றத்தில் மாமா போனில் பேசும் குரல். காதைப் பொத்தினாலும் கேட்கிற குரல்தான் அது.

"எங்க வே வர? வண்டி இன்னும் டெலிவரி குடுக்கல. சிப்பு இல்லியாம். கப்பலு நடுக்கடல்ல நிக்கி."

ரெங்கராஜனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பத்தடி தள்ளி வண்டி பளபளவென்று நிற்கிறது!

சிரிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. கையில் துணியோடு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தன்னால் ஏற முடியவில்லை என்று சிநேகிதரிடம் சொல்வதைவிட, ஒரு கப்பலையே நடுக்கடலில் நிறுத்திவைப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

சேவியரிடம் சொன்னேன். "வித்துருவமா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. சாவியைத் திருகினால் வண்டி அசையவில்லை. டேஷ்போர்டில் மட்டும் எல்லா விளக்கும் எரிந்தது, திருவிழாப் பந்தல் மாதிரி. போன் போட்டதும் ரெக்கவரி லாரி வந்தது. டிரைவர், காரைச் சங்கிலி போட்டு ஏற்றிவிட்டு, "கூட யாராவது வாரியளா? ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும்" என்றார்.

எனக்கு க்ளினிக்கில் ஆள் காத்திருந்தது. சேவியருக்குப் பரீட்சை டியூட்டி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"நான் போறேன்" என்று பின்னால் ஒரு குரல்.

லாரி எங்கள் காரைவிட இரண்டு மடங்கு உயரம். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் மாமா அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போய்விட்டார். கதவோரம் நெட்டுக்குத்தாக ஒரு கம்பி இருந்தது. அதை இடது கையால் பிடித்தார். கீழே இருந்த இரும்புப் படியில் நல்ல காலை வைத்தார். ஒரு மூச்சு. கை இழுத்தது, உடம்பு மேலே போனது, வலிக்கிற கால் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அடுத்த நிமிடம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எங்களைக் குனிந்து பார்க்கிறார்.

"என்னலே வாயப் பாத்துக்கிட்டு நிக்க? கதவ அடை!"

சேவியர் கதவை அடைத்தார். லாரி கிளம்பியது. முன்னால் மாமா, பின்னால் எங்கள் கார். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க ஆசைப்பட்டோம்தான்... இப்படி இல்லை.

மத்தியானம் சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன். மாமா ஏ.சி.யில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். சர்வீஸ் அட்வைசர் ஒரு வயர் கற்றையைக் கொண்டுவந்து காட்டினார்.

"எலி மேடம்."

"புது வண்டியிலயா?"

"புது வயருன்னா அதுக்கு ரொம்பப் பிடிக்கும். சும்மா நிக்கிற வண்டில வந்து கூடு கட்டிரும்."

கடித்த தடத்தைப் பார்த்தேன். தொழில் பழக்கம். முன்பற்கள் நல்ல கூர்மை. சொத்தை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

"வாரண்டில மாத்திருவீங்கள்ல?"

"எலிக்கு வாரண்டி கிடையாது மேடம்."

"எலிக்கு வேண்டாம். வண்டிக்குக் குடுங்க."

அவர் சிரித்தார். ஆனாலும் கொடுக்கவில்லை. புது வயர் சென்னையில் இருந்து வரவேண்டுமாம். எப்போது? "கிளம்பிட்டு மேடம்." சதாபிஷேகத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேவிட்டேன். "மாமா, லாரில அவ்வளவு லேசா ஏறிட்டீங்க. நம்ம வண்டில மட்டும் ஏன்...?"

மாமா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். முருகன்குறிச்சி சிக்னலில் ஆட்டோ நின்றது. அப்புறம் சொன்னார்:

"எம்பது அடி ஏணில தினமும் ஏறி இறங்குனவன்மா நானு. எவனும் கையப் பிடிக்கல. கால் போயிட்டுதான். கை போகலல்லா? பிடிக்க ஒரு கம்பியும் மிதிக்க ஒரு படியும் இருந்தாப் போதும். நீங்க என்ன செஞ்சிய? ஒருத்தன் தள்ளுதான், ஒருத்தி இழுக்கா, மாடில இருந்து ஒரு அம்மா உத்தரவு போடுதா. முப்பது வருசம் சரக்கு ஏத்துனவன நீங்க சரக்கா ஆக்கிட்டிய."

எனக்குச் சுருக்கென்றது.

என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். தலையை அமுக்கிப் பிடித்தால் பெரிய மனுஷனும் வாயை மூடிக்கொள்வான். "வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திருதேன்" என்று சொல்லிவிட்டால் முக்கால்வாசிப் பேர் கையைத் தூக்குவதே இல்லை. தினமும் க்ளினிக்கில் பார்ப்பது இது. வீட்டு வாசலில் ஏன் மறந்துபோகிறது?

சர்வீஸ் சென்டரிலேயே பக்கவாட்டுப் படி பொருத்தச் சொன்னேன். கம்பி? "அப்படி ஒண்ணு அக்சஸரில இல்ல மேடம். வெளிய ஓட்டை போட்டு மாட்டினா வாரண்டி போயிரும்." மறுநாள் மாமா தானே போனார். பின் கதவு இரண்டிலும் மேலே உள்ளே இருக்கும் கைப்பிடிகளில், தூத்துக்குடியில் இருந்து கொண்டுவந்த தடித்த நைலான் கயிற்றைக் கட்டினார். நெஞ்சு உயரத்துக்குத் தொங்கும்படி, கை நுழையும் அளவுக்குப் பக்கத்துக்கு ஒரு வளையம். என்ன முடிச்சோ தெரியவில்லை, அட்வைசர் இழுத்துப் பார்த்தும் அசையவில்லை. பலம் பார்க்க சேவியரை அதில் தொங்கவிட்டார்கள். அந்த வண்டிக்காக சேவியர் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

"கயிறுனால வாரண்டிக்குப் பிரச்சினை இல்லல்லா?" என்று அட்வைசரைக் கேட்டார் மாமா.

"கயிறப் பத்தி கம்பெனி ஒண்ணும் சொல்லல சார்."

வயர் எட்டாவது நாள் வந்தது. வண்டி அன்று சாயங்காலம் வீடு திரும்பியது. மறுநாள் விடியற்காலை மாமா கஞ்சி போட்ட வேட்டியோடு வாசலுக்கு வந்தார். நான் சேவியரைப் பார்த்தேன். சேவியர் ஷெரினைப் பார்த்தார். மூன்று பேரும் திரும்பிக்கொண்டோம். நான் செம்பருத்திச் செடியை ஆராய்ந்தேன். சேவியர் மீட்டர் பாக்ஸைப் படித்தார். எதிர்வீட்டு டீச்சர் நல்லவேளை இன்னும் எழுந்திருக்கவில்லை.

பின்னால் கயிறு ஒருமுறை முறுகும் சத்தம். ஒரு மூச்சு. கதவு அடைபட்ட சத்தம்.

செய்துங்கநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம்... வழி நெடுக வாழையும் வயலும். மாமா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, முன்னால் போகிற ஒவ்வொரு லாரியிலும் லோடு சரியாகக் கட்டவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார். அதைவிடச் சந்தோஷமான பயணம் எனக்கு நினைவில் இல்லை.

ரெங்கராஜன், சடங்கில் தலையில் ஊற்றிய தண்ணீர் காய்வதற்கு முன்னால், ஈர வேட்டியோடு தெருவுக்கே வந்துவிட்டார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டதில் மாமாவின் கஞ்சி போட்ட வேட்டி சட்டை எல்லாம் நனைந்தது. சாப்பாடு முடிந்ததும் ரெங்கராஜன், "ஊரச் சுத்தி ஒரு ரவுண்டு போவமா வே?" என்றார். சொல்லி முடிக்கவில்லை. அவருடைய மூன்று மகன்களும் ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் நாற்காலி, ஒருவர் அவர் தோளைப் பிடித்தார், ஒருவர் காரின் அந்தப் பக்கம் ஏறி இழுக்கத் தயாரானார்.

எனக்குப் பழக்கமான காட்சி.

"நில்லுங்கலே!" என்றார் மாமா. துறைமுகக் குரல். நாதஸ்வரக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் அந்தால திரும்பிக் கோபுரத்தப் பாருங்க. நான் சொல்லுத வரைக்கும் ஒருத்தனும் திரும்பக் கூடாது."

மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், சமையல்காரர், நாங்கள் என்று இருபது முப்பது பேர் பட்டுப்புடவையும் வேட்டியுமாக நடுத்தெருவில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம். பின்னால், "இதப் பிடியும்... நல்ல கால முதல்ல... ம்" என்று மாமாவின் குரல் மட்டும், எங்கள் வீட்டில் நான் கேட்டறியாத அளவு மெதுவாக. ஒரு முனகல். ஒரு சிரிப்பு. அப்புறம் கதவு இரண்டு முறை அடைபட்டது.

திரும்பினோம். இரண்டு பேரும் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் இன்னும் தெருவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

மாமா கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா, நீயா ஏறுதியா... இல்ல ஆள் வந்து தூக்கி வைக்கணுமா?"