உயிரோடிருந்த அக்காவுக்கு நான் போட்ட குறி

பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்றவர்களுக்குச் சனிக்கிழமைக் காலையைக் கழிப்பது பெரும்பாடு. சிலர் சர்க்கரை அளவு பார்க்கப் போவார்கள். சிலர் வேலை ஒன்றும் இல்லாமல் வங்கிக்குப் போய் பாஸ்புத்தகத்தைப் பதிந்துகொண்டு வருவார்கள். இரண்டும் அலுத்துப்போனவர்கள் கூடி, குடும்ப வரலாற்றுச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் வகுப்பு. நான் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். கல்லூரியில் முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் என்பதால் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பெடுத்தவர் தபால் துறையில் அதிகாரியாக இருந்தவர். அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது அங்கே ஒரு சங்கத்தில் இதையெல்லாம் படித்துக்கொண்டு வந்திருந்தார். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எப்படிப் படிப்பது, கல்லறைக் கல்லில் எழுத்து தேய்ந்திருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து டார்ச் அடிப்பது என்று ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தார். கோளாறு மாணவர்களிடம்தான். எங்களில் ஒருவருக்கும் சாதாரணமான பாட்டன் கிடையாது. எல்லாருடைய பாட்டனாரும் உபதேசியார், இல்லையென்றால் வெள்ளைக்காரப் பாதிரியாரின் வலதுகை. எல்லாரும் குதிரையில்தான் ஊர் ஊராகப் போனார்கள். அந்தக் குதிரைகளுக்குப் புல் அறுத்தவரின் பேரன் ஒருவன்கூட எங்கள் வகுப்பில் சேரவில்லை.

ஒரு டாக்டர் இருந்தார். பதிவேட்டில் தன் பூட்டன் பெயருக்கு எதிரே 'பனையேறி' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் வகுப்புப் பக்கம் தலைகாட்டவில்லை. மூன்றாவது வாரம் வரைபடத்தோடு வந்தார். பூட்டன் கட்டத்தில் 'பனைத் தொழிலதிபர்' என்று இருந்தது. பக்கத்தில் இருந்த திசையன்விளை இரும்புக்கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"எத்தன மரம் வே ஒங்க பூட்டனுக்கு?"

"மரமெல்லாம் ஊர்க்காரன் மரம். ஏறுனது இவுக" என்று டாக்டரே ஒப்புக்கொண்டு சிரித்தார். ஆனாலும் தொழிலதிபரை அழிக்கவில்லை.

இதை நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒரு சொல்லைத்தான் மாற்றினார். நான் செய்தது அதைவிடக் கேவலமானது.

வருஷ முடிவில் கண்காட்சி வைத்து, எல்லாருடைய குடும்ப வரைபடத்தையும் ஒரு மலராக அச்சிடுவது என்று தீர்மானமானது. அமெரிக்காவில் உள்ளபடியே ஒரு விதியும் வந்தது. உயிரோடு இருப்பவரின் பெயரை அச்சிட வேண்டுமானால் அவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இறந்தவருக்குப் படிவம் வேண்டாம், பெயருக்கு முன்னால் சின்னச் சிலுவை போட்டால் போதும்.

என் வரைபடம் ஏழு தலைமுறைக்குப் போனது. வகுப்பில் அதுதான் நீளம். வகுப்பெடுத்தவர் அதைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒங்க அம்மாவுக்கு நாலு பிள்ளைன்னு இருக்கு. நீங்க மூணு கட்டந்தான் வரஞ்சிருக்கிய. மூத்த பொம்பளப்பிள்ள எங்க?"

"விட்டுப்போச்சு."

"இருக்காவளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். "சரி சார். சிலுவையப் போட்டுருங்க. வருஷம் ஞாபகம் வரலன்னா கேள்விக்குறி போதும்" என்று பைய சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் பேனாவை எடுத்துப் போட்டேன். சிலுவை, அக்காவின் பெயர், கேள்விக்குறி.

அக்கா உயிரோடுதான் இருந்தாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய திசையன்விளையில். பள்ளிக்கூட டீச்சராக இருந்தபோது தன்னோடு வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே போனவள். அவர் எங்கள் சபைதான், எங்கள் சாதி இல்லை. கோயிலில் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து ரசம் குடித்துவிட்டு வெளியே வந்து சாதி கேட்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா அவளை வீட்டுக்குள் விடவில்லை. அப்பா போன பிறகு அந்த வறட்டு ரோஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா இறந்தபோது அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அடக்கம் முடிந்து எட்டு நாள் கழித்து யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாள். கையெழுத்து வாங்க எந்த முகத்தோடு போவேன்? கட்டத்தை விட்டுவிட்டால் ஏழு தலைமுறையில் ஓட்டை என்பார்கள். ஆகவே கொன்றுவிட்டேன்.

கண்காட்சியில் என் வரைபடத்தைத்தான் முதலில் மாட்டினார்கள். மலர் வெளிவந்த மறுவாரம் இரும்புக்கடை அண்ணாச்சி போன் செய்தார்.

"சார், எங்க கோயில்ல பழைய ஹெட்மிஸ்டரஸ் ஒருத்தவ உண்டும். எம் பெண்டாட்டி மலரக் கொண்டுபோய்க் காட்டியிருக்கா. 'இந்தச் செத்துப்போனவ நான்தான்'னு சொல்லுதாவளாம். நீங்க வந்து பாத்தா நல்லது."

அந்த வாரமே போனேன். வாசலில் நின்ற அக்கா மகள் என்னைப் பார்த்ததே இல்லை. யார் வேண்டும் என்று கேட்டாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா மாதிரியே செருப்பத் தேச்சுத் தேச்சு நடக்கான் பாரு. ஒங்க மாமாதான். உள்ள விடு."

எண்பத்து நாலு வயதில் கண்ணாடி போட்டு நேராக உட்கார்ந்திருந்தாள். மேஜையில் மலர்.

"வாலே. செத்த வீட்டுக்கு வந்திருக்க. போறப்ப மறக்காம குளிச்சிட்டுப் போ."

"அக்கா..."

"அங்கன உக்காரு. வருஷத்துக்குக் கேள்விக்குறி போட்டிருக்கியே, காலேஜ் வாத்தியார்தான நீ? தெரியலன்னா எனக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்லா."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பஸ்ஸிலேயே மனதில் திருத்தித் திருத்தி வைத்திருந்த மன்னிப்பை ஒப்பித்தேன். நன்றாகத்தான் இருந்தது, கல்லூரி விழாவில் பேசுவதுபோல. பேசி முடித்ததும் பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்து நீட்டினேன். அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம், ஒரு கையெழுத்துப் போதும் என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் படிவத்தோடு போயிருந்தேன். இதைவிட என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் பென்சன் ஆபீசுக்குப் போய் எழுதிக் குடுக்கேன். ஒனக்கும் எழுதித் தரணுமாக்கும்." படிவத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணு கேக்கேன். அதுக்குப் பதில் சொல்லு. அம்மா கடைசியில என்னயத் தேடுனாளா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. அம்மாவுக்குக் கடைசியில் நினைவே இல்லை என்று முப்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். அதையே சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியாது. அவள் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். அப்போது முகம் அம்மாவுடையது.

"நினைவு நல்லா இருந்துச்சுக்கா. கேட் சத்தம் கேக்கும்போதெல்லாம் பெரியவ வந்தாச்சான்னு கேட்டா. ஆள் போயிருக்கும்மா, வந்துட்டு இருக்கான்னு சொன்னேன். யாரும் போகல. மூணாவது நாள் சாயங்காலத்துக்கு மேல அவ கேக்கல."

"மூணு நாளா?"

"மூணு நாள்."

"நான் இங்கன பரிச்சப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன்" என்றாள். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் காப்பி கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள். அது ஆறி ஆடை படர்ந்த பிறகுதான் கதவு திறந்தது. படிவம் கையெழுத்தில்லாமல் என் கைக்குத் திரும்பி வந்தது.

"ஒங்க பொஸ்தகத்துல நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். அதப்பத்தி ஒண்ணுமில்ல. அம்மா என்னயக் கேட்டான்னு எழுது. நீ சொன்ன பதிலயும் சேத்து எழுது."

ஊருக்கு வந்து, அடுத்த பதிப்பின் குறிப்புப் பகுதிக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தேன். வகுப்பெடுத்தவர் படித்துவிட்டு வெகுநேரம் சங்கடப்பட்டார். இதற்கு ஆதாரம் என்று என்ன போடுவது, பதிவேடா, கடிதமா என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்போது பக்கத்தில் வேறு யாராவது இருந்தார்களா என்றார். இல்லை என்றேன். ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து அச்சிட விதியில் இடமில்லை சார் என்றார். ஆளைப் பார்க்காமல் சிலுவை போட இடம் கொடுத்த விதி அது. அவரோடு நான் வாதாடவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் அம்மா சாகும்வரை நினைவோடு இருந்தாள். மூத்த மகளை மூன்று நாள் கேட்டாள். ஆள் போயிருக்கிறது என்று நான் சொன்னேன். ஆள் போகவில்லை.