முன்னால் நின்ற வண்டி

தாண்டிக்குடிப் பக்கம் நான் காவல் பார்த்த காட்டேஜில் ஒரு கம்ப்யூட்டர்காரர் வந்து தங்கினார். எங்களுக்கு செல்போன் டவர் வந்த புதிது. அவருடைய கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருக்கும். நாடி பார்ப்பதுபோல் திரையில் விரலை வைத்தபடியே இருப்பார்.

ஒருநாள் காலை, அவர் பார்த்துக்கொள்ளும், ஆஸ்பத்திரிகள் ரத்தம் கேட்கும் வெப்சைட் நின்றுபோய்விட்டது என்று தவித்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோனேன்.

“கூட்டம் ஜாஸ்திங்களா?”

“கூட்டமில்லைங்கய்யா. எல்லாம் ஒரே பூட்டுக்குக் காத்து நிக்குது; பிடிச்ச புரோகிராம் விட்டாத்தான் அடுத்தது உள்ள போகமுடியும். நாலு சர்வர் கூடச் சேத்தோம், இன்னும் மோசமாயிருச்சு.”

“வளைவுல ஜீப்பு நின்னுட்டா, பின்னால இன்னும் நாலு ஜீப்பை அனுப்பி என்னங்க செய்ய? முன்னால நிக்கிறவனைப் பாருங்க.”

தேடிப் பார்த்தவர் திரையிலிருந்து விரலை எடுத்தார்.

“முன்னால வண்டி நிக்குது, டிரைவரைக் காணோங்கய்யா. பூட்டைப் பிடிச்ச புரோகிராம் வெள்ளனேயே செத்துருச்சு. பிடிச்ச பிடி விடாமச் செத்திருக்கு.”

பூட்டை அவரே விடுவித்தார். வரிசை மளமளவென்று நகர்ந்தது. காத்திருந்த ஆஸ்பத்திரிகள் எல்லாம் மறுபடி ரத்தம் கேட்டன, ஒன்றைத் தவிர. அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

“இனி வேண்டாம்னுட்டாங்க,” என்றார்.

“வேற எடத்துல கெடச்சிருச்சுங்களா?”

“அதை நான் கேக்கலைங்கய்யா.”

அன்றே அறையைக் காலி செய்துவிட்டார். அதன் பிறகாவது கேட்டிருப்பாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.