ஒன்பது நாள் முரண்பாடு

சுவிட்சர்லாந்தின் ஓஸ்டர்முண்டிகனில் குடியிருந்த மகேஸ்வரனுக்கு, பேர்ன் நகரத் தொல்லியல் ஆய்வுக்கூடம் ஒன்றைக் கூட்டித் துடைப்பது உத்தியோகம். லேசான வேலையல்ல. எது குப்பை, எது யூதேயா என்று பார்த்தவுடன் தெரியவேண்டும்.

அந்த வருடம் அங்கே மேசைமேல் கிடந்தது பைபிளில் வரும் யூதேயாவின் பழைய ஊரொன்று: எரிந்த மண், உடைந்த சாடிகள், கரியாகிப்போன ஒலிவ் விதைகள். ஊரைக் கொளுத்தியது அசீரியர்களா, நூற்றுப் பதினைந்து வருடம் கழித்து வந்த பாபிலோனியர்களா என்பதில்தான் தகராறு. விதைகளின் வயதைக் கரிமச் சோதனையில் பார்த்தார்கள். அந்தக் காலத்துக் கரி, நானூறு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரே பதிலையே சொல்லுமாம். ஆகவே சாடிகளின் கழுத்து வடிவத்தைப் பார்த்து, கூடத்தின் பேராசிரியையும் வேறொரு பேராசிரியரும் சண்டை பிடித்தார்கள். அதற்குப் பெயர் ஆய்வு விவாதம். அதற்கென்றே வைனும் சீஸும் வைத்து ஒரு மாநாடு நடக்கவிருந்தது.

மகேஸ்வரனின் வீடும் எரிந்ததுதான், இலங்கையின் வன்னியில், போர் நடந்த 2009 தை மாதம். அகதி மனுவின் முதல் விசாரணையில் பொங்கல் கழிந்து நாலாம் நாள் என்றார். இரண்டாவதில் பதின்மூன்றாம் நாள் என்றார். குண்டுக்கு ஒளிந்த பங்கர் குழிக்குள் நாட்காட்டி மாட்ட மறந்தது அவருடைய பிழை. அந்த ஒன்பது நாளுக்கு அதிகாரி வைத்த பெயர் முரண்பாடு. மனு தள்ளுபடியாகி, மேன்முறையீடு மட்டும் மிச்சமிருந்தது.

"நீ அவசரப்பட்டு வந்திட்டாய் தம்பி," என்றாள் கூட வேலை செய்யும் இராஜேஸ்வரி அக்கா, தரை துடைக்கும் துணியைப் பிழிந்தபடி. "ரெண்டாயிரத்து எழுநூறு வருஷம் பொறுத்திருந்தா, உன்ர வீட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சு நம்பியிருப்பினம்."

"பகிடி விடாதேங்கோ அக்கா. புரொபெஸர் அம்மாட்ட அப்பீலுக்கு ஒரு கடிதம் கேட்டுப் பாப்பமோ?"

"கேள். அவ சாடிக்கே அவ்வளவு இரங்கிறா."

பேராசிரியை உண்மையிலேயே இரங்கினார். 'எரிந்த ஊரொன்றின் நாளை ஒன்பது நாள் துல்லியத்தில் சொல்ல எங்கள் துறையில் எவராலும் முடியாது' என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தை நீதிமன்றம் மரியாதையுடன் வாசித்தது. பொதுவான விஞ்ஞானத் தகவல், மனுதாரரின் வீட்டைப் பற்றியதல்ல என்றது. முப்பது நாளில் நாட்டைவிட்டு வெளியேறும்படியும் சொன்னது.

பேராசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு கேட்டார்: "மாநாடு வரைக்கும் இருப்பீர்கள்தானே? நாற்காலி போடவேண்டும்."

மகேஸ்வரன் விரல் மடித்துப் பார்த்தார். இருப்பார்.

அறுபது நாற்காலி போட்டார். மேடையில் இரண்டு பேராசிரியர்களும் கைகுலுக்கி, இந்தக் கேள்வியை அவசரப்பட்டு முடிக்கலாகாது, அடுத்த வருடமும் கூடுவோம் என்றார்கள். பலத்த கைதட்டல். எல்லோரும் வைனுக்குப் போனபிறகு மகேஸ்வரன் நாற்காலிகளை மடித்து அடுக்கினார். மூன்றாம் நாள் அவருக்கு விமானம்.